மூன்று கோட்டை, ஒரு வாளித் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து மரக்காணத்தில் இறங்கினேன். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் பெட்டிக்குள் அடங்காத கம்பளிக் கோட்டு. அடிக்கிற வெயிலில் அந்தக் கோட்டைப் பார்த்துப் பஸ் ஸ்டாண்டே சிரித்தது.

அண்ணன் தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தம்பி இத்தாலி வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறான். பிளேன் எப்படி இருந்தது, குளிரை எப்படித் தாங்கினாய், சோற்றுக்கு என்ன செய்தாய்... ஏதாவது கேட்க வேண்டுமா இல்லையா?

"கிணறு இருக்குதா?" என்றார்.

"இருக்குதுண்ணா."

"தண்ணி?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். அண்ணியும் இருக்கட்டும்."

பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டினார். வழி நெடுக சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். முதல் மழை விழுந்து உப்பளத்தில் வேலை நின்றிருந்தது. குவித்து வைத்த உப்பு அம்பாரங்களுக்கு எல்லாம் ஓலை போட்டு மூடியிருந்தார்கள். வேலை இல்லாத மாதங்களில் அண்ணனுக்கு யோசனை அதிகம்.

உங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. முதலிலிருந்தே வருகிறேன்.

அண்ணனுக்கு ஒரே மகள், வசந்தா. நர்ஸ். இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தில் வேலை. ஆரோவில்லில் மரம் நட வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் காலில் கடப்பாரையைப் போட்டுக்கொண்டு அங்கே கட்டுப் போட வந்தான். இத்தாலிக்காரன். பெயர் லூக்கா. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. பையன் மருந்தகத்துக்கு வருவது மட்டும் ஆறு மாதம் ஆகியும் நிற்கவில்லை. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சாதி, மதம், நிறம் — இந்த மூன்றுக்கும் சேர்த்து அண்ணி ஒரு மழைக்காலம் முழுக்க அழுது தீர்த்தார். அண்ணன் அழவில்லை. லூக்காவை இரண்டு மூன்று தடவை பஸ் ஸ்டாண்டு காபிக் கடையில் வைத்துப் பேசிப் பார்த்தார். வீட்டுக்கு மட்டும் ஒரு நாளும் அழைக்கவில்லை. கடைசியில், பையன் நல்லவன்தான், ஆனால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் உப்பளக் கரையில் அதற்கு ஒரு தனிச் சடங்கு உண்டு. ஓட்டு வீடா, கூரை வீடா என்பதெல்லாம் அப்புறம். முதலில் கிணற்றடிக்குத்தான் போவார்கள். ஒரு வாளி இறைத்து ஊற்றச் சொல்லி, பெண் வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஏந்திக் குடிப்பார். கரித்தால் பேச்சு அதோடு முடிந்தது. ஒரு தெருவில் நல்ல தண்ணீர், அடுத்த தெருவில் கடல் தண்ணீர் — எங்கள் மண் அப்படி. கரிக்கிற கிணற்று வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் ஆயுசு முழுக்கக் குடம் சுமக்க வேண்டியதுதான்.

லூக்காவின் அப்பாவுக்கு முட்டி போய்விட்டது. இவன் ஒரே பிள்ளை. கல்யாணமானால் வசந்தா இத்தாலியில்தான் குடித்தனம் நடத்த வேண்டும். ஆக, யாராவது ஒருவர் அங்கே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாக வேண்டும். யார் போவது?

அந்த நேரம் பார்த்து ரோமில் நடக்கும் பத்திரிகைக்காரர்கள் கூட்டம் ஒன்றுக்கு எனக்கு அழைப்பு வந்தது. டிக்கெட்டும் அவர்களே அனுப்பினார்கள். நான் எழுதுகிற எழுத்து இத்தனை வருஷத்தில் இப்போதுதான் குடும்பத்துக்கு உபயோகப்படுகிறது என்றார் அண்ணன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவர் படிப்பதில்லை என்பதை இங்கே ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன்.

புறப்படுகிற அன்று வசந்தா பஸ் ஏற்ற வந்தாள். கலகலப்பான பெண். அன்றைக்குச் சிரிப்பைக் காணோம். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சித்தப்பா, அப்பா வேணாம்னா நானும் வேணாம்னுதான் சொல்லப் போறேன். அவரை அழ வெச்சிட்டு என்னால அங்க போய் இருக்க முடியாது. அதனால நல்லா பாருங்க. அப்பா கேக்கறதை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க."

எத்தனையோ பேருக்கு என்னென்னவோ புத்தி சொல்லி எழுதியிருக்கிறேன். ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாய்ச் சொல்லில் நிற்பது இதுதான் முதல் தடவை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ரோமில் கூட்டம் முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லா ஊரிலும் கூட்டம் கூட்டம்தான். அங்கிருந்து ரயில் பிடித்து டஸ்கனி என்ற பக்கம் போய் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். பார்க்கும் இடமெல்லாம் மேடும் பள்ளமுமாகத் திராட்சைத் தோட்டம். மேடு என்றால் உப்பு அம்பாரத்தைத்தான் தெரியும் எனக்கு. அங்கே பார்த்தால் குன்றுக்குக் குன்று, உச்சியில் ஒரு கோட்டை.

"வாங்க மாமா. பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?" என்றான், எனக்கு முன்பே ஊர் திரும்பியிருந்த லூக்கா.

இடையஞ்சாவடியில் மண்வெட்டி பிடித்துக் கற்ற தமிழ். ஒரு வாரம் கழித்துத் தமிழ் காதில் விழுந்ததும் அவனைக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் அவனுடைய அப்பா. வெள்ளை மீசை, கோட்டு, டை, ஒரு கைத்தடி. என் கையைப் பிடித்து நிறைய நேரம் குலுக்கினார். நம் ஊர் ஆட்டோவுக்குப் பின்னால் மரப்பெட்டி வைத்தது மாதிரி ஒரு மூன்று சக்கர வண்டி வைத்திருந்தார். முன்னால் நானும் அவரும். பின்னால் பெட்டிக்குள் மாப்பிள்ளை.

நேராக வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். வண்டி ஒரு ரொட்டிக் கடை வாசலில் நின்றது. கடை மாடியில் எனக்கு ரூம் போட்டிருக்கிறார்களாம். சம்பந்தம் பேச வந்தவனைக் கடை மாடியில் தங்க வைப்பார்களா? வெளிநாட்டு நாகரிகம் போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் நாள், முதல் கோட்டை. ஊசி மாதிரி உயர்ந்த மரங்கள் இரண்டு பக்கமும் நிற்க, செங்குத்தாக ஒரு பாதை. பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினார். யானை நுழையும் கதவு. அதில் மனிதன் நுழைய ஒரு பொந்து. சுவரின் கனம் என் மெட்ராஸ் ரூமின் அகலம் இருக்கும். கோபுரத்துக்குப் படி ஏறி ஏறி எனக்கு மூச்சு வாங்கியது. மேலே தரையில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. எதற்கு என்று கேட்டேன். கீழே வருகிறவன் தலையில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றவாம்!

கோட்டை என்பது என்ன? யோசித்துப் பார்த்தால், விருந்தாளி வரக் கூடாது என்று கட்டிய வீடு. அவ்வளவுதான்.

முற்றத்தில் ஒரு கிணறு இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். வாயில் இரும்புக் கம்பி போட்டு மூடியிருந்தார்கள். அடியில் சில்லறைக் காசு மின்னியது. தண்ணீர் கேட்டேன். அதை யாரும் குடிக்க மாட்டார்கள் என்று லூக்கா சிரித்தான். கீழே பாதாள அறைக்குக் கூட்டிப் போய் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் நீட்டினார்கள். மதுவிலக்கு திரும்பி வந்த மாநிலத்தவன் நான். அது இல்லாத காலத்திலும் தொட்டதில்லை. (மரக்காணத்திலிருந்து சாயங்காலம் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.) கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். பெரியவர் முகம் வாடிவிட்டது.

மறுநாள் வேறொரு கோட்டை. அங்கே இன்னும் ஆள் குடியிருக்கிறது. ஒரு வயதான சீமாட்டியும் நாலு நாயும். ஏகப்பட்ட அறைகளில் மூன்றில்தான் விளக்கு எரிகிறது. மற்ற அறைகளில் ஒழுகுகிற இடத்தில் எல்லாம் வாளி வைத்திருந்தார்கள். கிணற்றுக்குள் மண் கொட்டிப் பூச்செடி நட்டிருந்தார்கள். அண்ணன் வந்திருந்தால் அந்த அம்மாள் வீட்டில் நிச்சயம் பெண் கொடுத்திருக்க மாட்டார்.

இதற்கு நடுவே ரொட்டி. காலையில் கடையிலிருந்து சூடாக வரும் ரொட்டியில் உப்பே இல்லை. முதல் நாள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் இல்லை. கேட்டால், அந்தப் பக்கத்து ரொட்டியே அப்படித்தானாம். மரக்காணத்தானுக்கு இது வேண்டுமா?

மூன்றாம் நாள் காட்டிய கோட்டைதான் எல்லாவற்றிலும் பெரியது. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பெரியவரைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்கள். கோபுர உச்சியிலிருந்து பார்த்தால் திராட்சை வரிசைகள், நடுவில் வரப்பு வரப்பாக வழி. மேலே நின்று பார்க்க, சரிவில் தூக்கி மாட்டிய உப்புப் பாத்தி மாதிரி இருந்தது. எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

நேர் கீழே, கோட்டைச் சுவரை ஒட்டி, ஒரு சின்ன ஓட்டு வீடு. கொடியில் துணி காய்ந்தது. வாசலில் ஒரு அம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எங்களையே அண்ணாந்து பார்த்தார். யார் அது என்று கேட்க வாயெடுத்தேன். பெரியவர் என் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பி, தூரத்தில் இன்னொரு கோட்டையைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மூன்று நாள் ஆகிவிட்டது. ஊரார் வீட்டை எல்லாம் காட்டியாயிற்று. இவர்கள் வீட்டை ஏன் காட்டவில்லை? பையனுடைய அம்மா எங்கே? ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, அந்தப் பெண் வீட்டில் இருக்கிறாளா? கடன்காரனா, நோயாளியா? நல்லவன் என்று நாம் நினைத்ததே தப்போ? மறுநாள் காலை எனக்கு ரயில். வசந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது கண் முன்னால் வந்தது. கோபமும் வந்தது.

கோபுரத்தை விட்டு இறங்கியதும் முற்றத்திலேயே லூக்காவை நிறுத்தினேன்.

"உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியை நான் குடிச்சாத்தான் இந்தக் கல்யாணம். குடிக்காம போனா, குடிக்கலைன்னுதான் அண்ணன்கிட்ட சொல்லுவேன். அப்புறம் வசந்தா வர மாட்டா. இதை அப்படியே உங்க அப்பாகிட்ட சொல்லு."

அவன் முகம் செத்துவிட்டது. திரும்பி அப்பாவிடம் சொன்னான். நிறைய நேரம் சொன்னான். பெரியவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு ஏர்மெயில் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். மடித்து மடித்துக் கிழிந்து போயிருந்தது.

அது நான் எழுதிய கடிதம்!

சம்பந்தம் பேசும் முன் குடும்பத்தைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லி அண்ணன் கேட்டிருந்தார். இங்கிலீஷ் கையில் கிடைத்தால் சும்மா இருப்பேனா? என் அண்ணனுடைய உப்பளங்கள் கடல் வரைக்கும் பரந்து கிடக்கின்றன. சீசனில் அவருடைய ஒரு சொல்லுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள் என்று எழுதிவிட்டேன். பொய் என்று சொல்ல முடியாது. அளம் கடல் வரைக்கும் இருக்கிறது. ஆட்களும் அவர் சொல்லுக்குத்தான் வேலை செய்கிறார்கள். அளம் வேறொரு முதலாளியுடையது, அண்ணன் அங்கே மேஸ்திரி என்பதை மட்டும் எழுதவில்லை.

கடிதத்தை ஊர்ப் பாதிரியார் இத்தாலியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். பெண்ணின் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறவர் என்று லூக்கா படித்துப் படித்துச் சொல்லியும் பெரியவர் நம்பவில்லை. எழுத்தில் இருப்பதைத்தான் நம்பினார். வீட்டைப் பற்றி என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று மகனுக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எழுதுகிறவனை அந்த அளவுக்கு நம்புகிற ஆள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்!

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். லூக்கா தமிழில் சொன்னான்:

"அப்பா சொல்றாருங்க... எங்க வீட்ல ரெண்டு ரூமுதான். கீழ மாட்டுக் கொட்டகை. கடல் வரைக்கும் உப்பளம் வெச்சிருக்கிறவரு பொண்ணு அங்க எப்படி இருக்கும்? வீட்டைக் காட்டினா நீங்க வேணாம்னு போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். அதான் கோட்டையைக் காட்டினேன். கோட்டை என்னுது இல்ல. ஆனா சின்ன வயசிலேருந்து அதோட தோட்டத்துலதான் வேலை செய்யறேன்."

கூனிக் குறுகிப் போனேன். அந்த முட்டியோடு மூன்று கோட்டை ஏறியிருக்கிறார் மனிதர் — என்னுடைய இரண்டு வரி இங்கிலீஷுக்காக.

அண்ணன் முதலாளி இல்லை, ஆட்களை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி என்று சொன்னேன். லூக்கா மொழிபெயர்த்ததும் பெரியவர் நிமிர்ந்தார். தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அவரும் தோட்டத்தில் மேஸ்திரிதான்.

அதற்குப் பிறகு அவர் கைத்தடியை ஊன்றி நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கோபுரத்திலிருந்து பார்த்த அதே ஓட்டு வீடு. வாசலில் அதே அம்மாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று நாளாக வீட்டைக் கழுவிவிட்டு, விருந்தாளி வருவாரா மாட்டாரா என்று உட்கார்ந்திருக்கிறார். இரண்டே அறை. வெள்ளை அடித்த சுவர். அடுப்புக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் எழுத்து மாதிரி தெரிந்தது. பக்கத்தில் போய் வாசித்தேன். வா, உட்காரு, சாப்பிடு, தண்ணி, பசிக்குதா, குளிருதா, போதுமா. அத்தனையும் தமிழ். லூக்கா அவர்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்ததாம். சமைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்ப்பாராம். வசந்தா வந்தால் முதல் ஒரு வருஷம் இந்த வீட்டில் யாரோடு பேசுவாள் என்று ஒரு கவலையாம் அந்த அம்மாளுக்கு.

வீட்டுக்குப் பின்னால் கிணறு. கம்பி இல்லை, காசு இல்லை, பூச்செடி இல்லை. கயிறும் வாளியும் இருந்தன. அம்மாள் கிளாஸ் கொண்டுவந்தார். வேண்டாம் என்று இரண்டு கையையும் ஏந்தினேன். ஒரு கணம் திகைத்தார். பிறகு புரிந்துகொண்டு, வாளியை இறக்கி, இறைத்து, என் கையில் ஊற்றினார். பல் கூசும் குளிர்ச்சி. துளி கரிப்பு இல்லை. குடித்தேன். மறுபடி ஏந்தினேன். மறுபடி ஊற்றினார்.

ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்:

"போதுமா?"

போதும் என்று தலையை ஆட்டினேன்.

இதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். அண்ணன், அண்ணி, வசந்தா மூன்று பேரும் இருந்தார்கள். கோட்டைகளைப் பற்றி நான் வர்ணிக்க ஆரம்பித்தபோது அண்ணன் கையை ஆட்டி, மேலே போகச் சொன்னார். கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உப்பில்லாத ரொட்டியைச் சொன்னபோது மட்டும் அந்த ஊர்க்காரர்களுக்காக வருத்தப்பட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ குடிச்ச தண்ணி, உன் கண்ணெதிர்க்க கிணத்துலருந்து இறைச்சதா? இல்ல, முன்னமே எடுத்து வெச்சிருந்ததா?"

"கண்ணெதிர்க்கத்தாண்ணா. வாளி உள்ள போய் வர்றதைப் பார்த்தேன்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார்.

இந்தக் கேள்வி அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அண்ணியின் அப்பா எங்கள் வீடு பார்க்க வந்தபோது, கிணற்றடியில் தயாராக ஒரு குடம் தண்ணீர் இருந்தது. இறைக்கிற சிரமம் உங்களுக்கு எதற்கு என்று சொல்லி, அதிலிருந்து அவர் கையில் ஊற்றினோம். தித்திப்பான தண்ணீர். இரண்டு மைல் தள்ளியிருந்த ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து விடியற்காலையில் அண்ணனே சைக்கிளில் கொண்டுவந்தது. எங்கள் கிணறு கரிக்கும் என்பது அண்ணிக்குக் கல்யாணத்துக்கு மறுநாள் தெரிந்தது. அன்றைக்கு எடுத்த குடத்தை அவர் இன்னும் இறக்கி வைக்கவில்லை. ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை. அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை போலும்.

"பொண்ணு போவட்டும்" என்றார் அண்ணி. "இதுக்கு மேல என்னத்தைக் கேக்கறது? அந்தம்மா போதுமான்னு கேட்டுச்சாமே."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரி என்றார். வசந்தா எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க நான் போகவில்லை.

காட்டிக்கொள்ள ஒரு கோட்டை, மறைத்துக்கொள்ள ஒரு வீடு... நம்மில் யாரிடம் இல்லை? நமக்கென்று கோட்டை இல்லையென்றால் மற்றவன் கோட்டையைத்தான் கடன் வாங்குகிறோம். என்னைப் போன்றவர்கள் அதைக் காகிதத்திலேயே கட்டிக்கொடுத்துவிடுகிறோம்.

இப்படி நான் தத்துவம் பேசி முடிப்பதற்குள் அண்ணன் அடுத்த கவலைக்குப் போய்விட்டார். தை மாதம் கல்யாணத்துக்கு லூக்காவின் அப்பா, அம்மா வருவார்களே! அவர்களை எங்கே தங்க வைப்பது? பாண்டிச்சேரியில் நல்ல ஓட்டலாகப் பார்க்கச் சொன்னார். வடக்கே கடலோரம் இடிந்து கிடக்கிற கோட்டை ஒன்று உண்டு. ஒரு நாள் கார் வைத்து அவர்களை அங்கேயும் கூட்டிப் போகலாம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார்:

"அவங்க வீட்டுக்கு வர்ற அன்னிக்கு, கிணத்தடியில ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டாந்து வெச்சிடலாமா?"

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வேணாம். அவங்க கண்ணெதிர்க்க நானே இறைச்சு ஊத்தறேன்."

எங்கள் கிணறு கரிக்கிற கரிப்புக்கு, சம்பந்தியம்மாளிடம் "போதுமா" என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.